மாமி படித்த ஆங்கிலம்

ஹரோவில் உள்ள ஒரு பல் வைத்தியசாலையின் வரவேற்பு மேசையில் சுசிலா வேலை செய்கிறாள். வீடு ரெய்னர்ஸ் லேனில். ஆங்கிலம் தடுமாறும் தமிழ் ஆட்கள் அவள் வேலையில் நிற்கும் நாளாகப் பார்த்துத்தான் வருவார்கள். தன் ஆங்கிலத்தில் அவளுக்குப் பெருமை உண்டு. லண்டனுக்கு வந்தபோது முப்பதைத் தாண்டியிருந்தாள். அதற்கு முன் பிரான்சில் இருந்தாள். அங்கே முதல் நான்கு வருடமும் அண்ணன் கிருஷ்ணராசாவின் வீட்டில்தான்.

அந்த வீடு பாரிசுக்கு வெளியே லா கூர்நெவ்வில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல் தளத்தில் இருக்கிறது. அறை ஒன்று, ஹோல் ஒன்று. சுசிலாவும் அவள் கணவர் பாலேந்திராவும் அங்கே வந்து இறங்கியபோது அண்ணனுக்குக் கலியாணம் முடிந்து ஒரு வருடம்தான். அண்ணனின் மனைவி றஜீனா அறையை இவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஹோலில் பாய் விரித்தாள். மூத்தவன் ஆரணன் பிறந்ததும் அங்கேதான். சுசிலா விடியற்காலையில் அலுவலகங்கள் துடைக்கப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள் றஜீனா. அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை.

லண்டனுக்கு மாறிய பிறகு ஒவ்வொரு ஓகஸ்டிலும் காரைக் கடலடிச் சுரங்க ரயிலில் ஏற்றிப் பிரான்சுக்குப் போவது வழக்கமானது. ஈபிள் கோபுரம், ஆற்றில் படகு, வெர்சாய் அரண்மனைத் தோட்டம். எங்கே போனாலும் றஜீனா ஒரு பெரிய பையில் கட்லட்டும் றோல்சும் மாங்காய்த் துண்டும் கட்டிக்கொண்டு வருவாள். ஆரணனும் தங்கை கஜந்தினியும் சிறுவர்களாக இருந்தபோது அந்தப் பைக்குத்தான் சண்டை. வளர்ந்த பிறகு அவர்கள் தமிழில் பேசுவது குறைந்துபோனது. மாமி எதைக் கேட்டாலும் "ஓம் மாமி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

கடந்த ஓகஸ்டில் அண்ணனின் இருபத்தைந்தாவது கலியாண நாள் வந்தது. ஏரிக்கரைப் பூங்கா ஒன்றில் பகல் விருந்து ஏற்பாடாகியிருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு எல்லோருமாக வெர்சாய்க்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பாலேந்திரா காரை ஓட்டினார், பக்கத்தில் அண்ணன். நடு இருக்கையில் சுசிலாவும் றஜீனாவும். பின்னால் பிள்ளைகள்.

வெயிலில் நடந்த களைப்பு. மாமிக்கு விளங்காது என்று ஆரணன் ஆங்கிலத்தில் முணுமுணுக்கத் தொடங்கினான். வீடெல்லாம் பொரித்த எண்ணெய் மணம், குளித்துத் துடைக்கும் துவாயில்கூட அதுதான், ஹோட்டலில் அறை எடுத்திருக்கலாம் என்றான். குளியலறையைப் பற்றிக் கஜந்தினியும் ஏதோ சொன்னாள்.

சுசிலா பின்னால் திரும்பினாள். அவளும் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். வீட்டைக் குறை சொல்லாதே, வீடு என்ன செய்யும், அவள் வீடு வைத்திருக்கும் விதம் அப்படி என்றாள். ஒருநாளும் ஒழுங்காகத் துடைத்ததில்லை, அந்த மணம் அவளில்தான் இருக்கிறது, நான் அதை நாலு வருடம் சகித்தேன், நீங்கள் இரண்டு நாள் சகியுங்கள் என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே சொன்னதுபோல அவளும் சிரித்தாள்.

றஜீனா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பையைத் திறந்தாள்.

"பிள்ளையள், மாங்காய் கிடக்கு. தரட்டோ?" என்று கேட்டாள்.

விருந்து நாளில் நல்ல வெயில். மரத்தின் கீழே மேசைகள் போட்டு, பலூன் கட்டி, இறைச்சி வாட்டினார்கள். றஜீனா நீலப் பட்டுச் சேலையில் நின்றாள். அவள் ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவு செய்பவள். கூட வேலை செய்யும் பிரெஞ்சுப் பெண்களும் வந்திருந்தார்கள். கேக் வெட்டி முடிந்ததும் அண்ணன் கையைத் தட்டி எல்லோரையும் அமைதியாக்கினார்.

"இவ ஏதோ கதைக்கப் போறாவாம். எனக்கும் சொல்லேல்லை," என்றார்.

றஜீனா முதலில் தமிழில் நன்றி சொன்னாள். பிறகு பிரெஞ்சில். பிறகு ஆரணனும் கஜந்தினியும் நின்ற பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினாள்.

மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். ஒரு வருடமாகப் பின்னேர வகுப்புக்குப் போகிறேன், வேலைக்குப் போகும் ரயிலிலும் போனில் கேட்டுப் படிக்கிறேன் என்றாள். ஆரணன் முதலடி வைத்தது என் ஹோலில், கஜந்தினிக்கு முதல் முறை தலை வாரியது நான், பிறகு நீங்கள் வளர்ந்து வேறு மொழிக்குள் போய்விட்டீர்கள், உங்களோடு கதைக்க எனக்கு வழி இருக்கவில்லை, இனிக் கதைக்கலாம் என்றாள். ஓரிடத்தில் சொல் வராமல் நின்றாள். எல்லோரும் காத்திருந்தார்கள். சொல் வந்தது.

கை தட்டினார்கள். சுசிலாவும் தட்டினாள். முகம் காந்தியது. கஜந்தினி தாயைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு யாரோடும் பேசாமல் தண்ணீர்க் கரைப் பக்கம் நடந்து போனாள். ஆரணன் தட்டில் இருந்த கேக்கைத் தொடாமலே வைத்திருந்தான்.

பாத்திரம் கழுவும் குழாயடியில்தான் இருவரும் தனியாக நின்றார்கள். றஜீனா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தட்டு கழுவினாள்.

"மச்சாள், முந்தநாள் காரிலை..." என்று சுசிலா தொடங்கினாள்.

"ம்."

"நான் சொன்னது உங்களுக்கு விளங்கினதோ?"

"எல்லாம் விளங்கேல்லை. நீ கெதியாக் கதைக்கிறாய். பாதிதான் விளங்கினது."

சுசிலா எண்ணெய்த் தட்டு ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"இண்டைக்குப் பேசாமல் விடுவம் எண்டுதான் நினைச்சன்," என்றாள் றஜீனா. "பிறகு யோசிச்சன், பிள்ளையளுக்கெண்டு படிச்சது, ஏன் விடவேணும் எண்டு."

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ மச்சாள்."

"அந்தத் தட்டைத் தா. எண்ணெய் காயப்போகுது."

அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. கோபித்திருந்தால் சுசிலா அழுது முடித்திருப்பாள்.

மறுநாள் காலை புறப்படும்போதும் றஜீனா வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். சுரங்க ரயிலுக்காகக் காரில் காத்திருந்தபோது பாலேந்திரா, "நான் அண்டைக்கே உன்னை நிப்பாட்டியிருக்கவேணும். எனக்கும் கேட்டதுதானே," என்றார். அவள் தலையாட்டினாள். பின்னால் பிள்ளைகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்கள். தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

லண்டனுக்கு வந்த பிறகுதான் வெட்கம் முழுதாக உறைத்தது. ஒருநாள் வைத்தியசாலைக்கு ஒரு மகன் தாயைக் கூட்டிக்கொண்டு வந்தான். அம்மா பல்லைக் கவனிப்பதே இல்லை, சொன்னால் கேட்கமாட்டார் என்று தாயின் தலைக்கு மேலாக ஆங்கிலத்தில் சுசிலாவிடம் குறைப்பட்டான். இப்படி எத்தனையோ பேருக்கு அவள் சிரித்துத் தலையாட்டியிருக்கிறாள். அன்று அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கணினியைப் பார்த்தாள். எழும்பிப் போய்க் கழிவறைக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

கஜந்தினி தானாகவே ஞாயிற்றுக்கிழமைகளில் மாமிக்குப் போன் எடுக்கத் தொடங்கினாள். ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசுவாள், இடையிடையே சிரிப்பாள். சுசிலா அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். மகள் போனை அவளிடம் நீட்டியதில்லை. அம்மா எங்கே என்று அந்தப் பக்கமிருந்து கேட்டதாகவும் தெரியவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் சுசிலாவே போன் எடுத்தாள்.

"மச்சாள், நான் தனிய ஒருக்கா வரட்டோ? சனி, ஞாயிறு நிக்க."



"வா. சனிக்கிழமை எனக்கு வேலை. அண்ணையும் இரவுதான் வருவார். திறப்பைப் பக்கத்து வீட்டிலை குடுத்திட்டுப் போறன்."

ரயிலில் போய் இறங்கி, திறப்பை வாங்கி, கதவைத் திறந்தாள். வீட்டில் ஒருவரும் இல்லை. விடியப்புறம் றோல்ஸ் பொரித்திருந்தார்கள். கடைகளுக்குக் கொடுத்து வரும் மேல்வருமானம் அது. அடுப்பைச் சுற்றி எண்ணெய் தெறித்திருந்தது. தொட்டியில் பாத்திரங்கள். அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பொழுது படுவதற்குள் முழுவதையும் துடைத்து, கழுவி, பளிச்சென்று வைத்துவிடலாம். மச்சாள் வந்து பார்க்கட்டும் என்று துணியை நனைத்து எடுத்தாள்.

அடுப்படிக்கு முன்னால் நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். களைத்து வருகிறவள் துடைத்த அடுப்பைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? காரில் சொன்னதையே இன்னொரு தரம் சொன்னதாக இருக்காதா? துணியைப் பிழிந்து, இருந்த இடத்திலேயே விரித்துப் போட்டாள். ஹோலில் போய் இருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டில் இருப்பது அவளுக்குப் பழக்கமில்லாதது. நேரம் நகரவே இல்லை.

பொழுது படும் நேரம் றஜீனா வந்தாள். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சுசிலாவைப் பார்த்தாள்.

"சாப்பிட்டியோ?"

"இல்லை. நீங்கள் வரட்டும் எண்டு இருந்தனான்."

"நல்லாக் களைச்சுப் போனன் சுசி. நீ பாத்திரத்தைக் கழுவு, நான் சோத்தைப் போடுறன்," என்று சொல்லிவிட்டு றஜீனா கை கழுவப் போனாள்.