பேசாமல் போன லேப்டாப்

காரிமங்கலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் சுமலதா கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் அவளைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "மெக்கானிக் இல்லீங்களா?" ஆரம்பத்தில் கோபம் வந்தது. பிறகு, "நாந்தாங்க, சொல்லுங்க" என்று சிரிக்கப் பழகிக்கொண்டாள்.

தமிழ்ச்செல்வன் அப்படிக் கேட்கவில்லை. அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரு சனிக்கிழமை கோலைத் தட்டிக்கொண்டு படியேறி வந்தார். அவள் "வாங்க சார்" என்றதும், குரல் வந்த பக்கம் லேப்டாப்பை நீட்டினார்.

"பழைய விண்டோஸுங்க. இனிமே அப்டேட் வராதாம். புதுசு போட்டுக் குடுங்க."

இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வாள் சுமலதா. பாடக் குறிப்புகள், படங்கள், பட்டியல்கள் எல்லாவற்றையும் வேறு டிஸ்கில் எடுத்துவைத்தாள். பழையதைச் சுத்தமாக அழித்துவிட்டுப் புதியதைப் போட்டாள்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் அவர் வந்தார். லேப்டாப்பைத் திறந்து, விரல்களை விசைகளின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஆன் பண்ணலீங்களா?"

"ஆன்லதாங்க சார் இருக்குது."

திரை பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. அவர் முகம் மட்டும் அணைந்தாற்போல் இருந்தது. சுமலதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளையும் சேர்த்து அழித்திருக்கிறாள். அவருக்குப் பார்வை இல்லையென்று தெரியும். பார்வை இல்லாதவர் எப்படிக் கம்ப்யூட்டரில் வேலை செய்வார் என்று மட்டும் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"மன்னிச்சுருங்க சார், பத்தே நிமிஷம்" என்று அந்த மென்பொருளை இறக்கிப் போட்டாள். குரல் வந்தது. அவர் அதன் வேகத்தைக் கூட்டக் கூட்ட, அவளுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவர் முகம் தெளிந்தது. வருகைப் பட்டியலைத் திறந்தார். மூன்று பெயர்களைக் கேட்டுவிட்டு நிறுத்தினார்.

"என்னாச்சுங்க சார்?"

"பேருங்க. லிஸ்ட்டு இங்கிலீஷ்ல இருக்குதுங்களா, மல்லையன்ங்கற பேர 'மல்லாயன்'னு படிக்குது. ஒவ்வொரு பேரையும் எப்படிச் சொல்லணும்னு சொல்லிக் குடுத்து வெச்சிருந்தேன். இதக் காதுல கேட்டுத்தான் கிளாஸ்ல கூப்புடறது. பேரத் தப்பாக் கூப்ட்டா புள்ளைங்க சுருங்கிப் போயிருதுங்க."

அந்தத் திருத்தங்கள் அவள் கண்ணில் படாத ஏதோ ஒரு ஃபோல்டரில் இருந்திருக்கின்றன. அழித்த டிஸ்கைத் துழாவிப் பார்த்தாள். ஒன்றும் தேறவில்லை. அவர் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும் அவளுக்கு.

"உக்காருங்க சார்" என்று நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். "நீங்க சொல்லுங்க, நான் அடிக்கறேன்."

அவர் மனைவிக்குப் போன் செய்தார். "பூவிழி, ஒரு பஸ் விட்டுட்டு வர்றேன்."

எண்பத்து நான்கு பெயர்கள். அவர் சொல்ல, அவள் அடிக்க, குரல் தப்பாகச் சொல்ல, இருவரும் திருத்தினார்கள். தீர்த்தம்மாள் என்ற பெயர் ஆறு தடவை படுத்திய பிறகு சரியாக வந்தபோது, ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். ஒன்றல்ல, இரண்டு பஸ் போயிருந்தது.

மறுநாளும் சுமலதாவுக்கு மனது ஆறவில்லை. கடையில் சும்மா கிடந்த கம்ப்யூட்டரின் திரைமேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, காதை மட்டும் நம்பி விண்டோஸ் போட்டுப் பார்த்தாள். முதல் இரண்டு தடவை பாதியில் திணறி நின்றாள். ஆனால் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால், விண்டோஸ் ஏறும்போதே குரல் வரும் என்று கண்டுபிடித்தாள். உடனே அவருக்குப் போன் செய்தாள்.

"சார், இனிமே விண்டோஸ் நீங்களே போட்டுக்கலாங்க. நான் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கறேன்."

"வூட்டுல பூவிழியோட பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு கெடக்குதுங்க. ஞாயித்துக்கெழம கொண்டாரட்டுங்களா?"

கொண்டுவந்தார். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ஓரிடத்தில் அவர் தடுமாறியபோது, உதவத் துடித்த கைகளைச் சுமலதா மடிக்குள் இறுக்கி வைத்துக்கொண்டாள். அவரே மீண்டுவந்தார். கடைசியில் குரல் எதையோ கேட்டது.

"யாரோட கம்ப்யூட்டர், பேரச் சொல்லுன்னு கேக்குதுங்க" என்றார் அவர். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் மனைவியின் பெயரை அடித்தார்.