எழுதாமல் விட்ட மூன்றடி

வேங்கிக்காலில் எங்கள் தெருவில் யாரோ புதிதாக வீடு கட்டுகிறார்கள். போன வாரம் கிணறு தோண்ட போர் போடும் லாரி வந்து நின்றது. காலையில் ஆரம்பித்த இரைச்சல் மத்தியானம் வரை ஓயவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். நான் மட்டும் வேலை மெனக்கெட்டு வாசலில் போய் நின்றேன். கல் மாவு கரைந்த சாம்பல் நிறத் தண்ணீர் தெருவோடு ஓடிவந்து என் செருப்பை நனைத்தது. அதற்கென்று ஒரு வாசனை உண்டு. நனைந்த இரும்பும் அப்போதுதான் உரசிய தீக்குச்சியும் சேர்ந்த வாசனை. அவ்வளவு கிட்டத்தில் அதை முகர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். தூசு அலர்ஜியா என்று கணவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அலர்ஜி என்பது எதற்கும் பொருந்துகிற நல்ல வார்த்தை.

உங்களிடம் சொல்வதற்கென்ன. அலர்ஜி எனக்கு ஒன்றும் கிடையாது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறிக் காலேஜுக்குப் போய் கெமிஸ்ட்ரி படித்து முடித்திருந்தேன். முதல் வேலையே காட்டில் கிடைத்தது. அடி அண்ணாமலைக்கு மேற்கே, திருவண்ணாமலையின் பெரிய மலைக்கு முதுகு காட்டிக்கொண்டு ஒரு குன்று கிடக்கிறது. அதற்குள் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே நான் பெட்டி பார்ப்பவள். இப்படிச் சொன்னால் ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன் என்று நினைப்பீர்கள். அம்மாவும் எனக்குக் கல்யாணம் ஆகும் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

மிஷின் கல்லைப் பொடியாக்காது. வளையல் போல நடுவில் ஓட்டையுள்ள பல் ஒன்று சுற்றிச் சுற்றி இறங்கும். ஓட்டைக்குள் கல் உருளை உருளையாக நிற்கும். அந்த உருளைக்குப் பெயர் கோர். மேலே வந்ததும் கழுவி, நீளமான தகரப் பெட்டியில் வந்த வரிசைப்படி அடுக்கி, எத்தனையாவது அடி என்று பெயின்ட்டில் எழுதிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். மலையைக் கிடத்தி வைத்துப் படிக்கிற மாதிரி. அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மேலே வரும்போது கல் கையில் சூடாக இருக்கும். கறுப்பும் வெள்ளையும் கோடு கோடாக ஓடும். காந்தத்தைக் காட்டினால் கறுப்புக் கோடு கப்பென்று பிடித்துக்கொள்ளும். குன்றின் உச்சியில் திசைமானியை வைத்தால் முள் வடக்கே நிற்காது. பத்தடி தள்ளி வைத்தால் இன்னொரு பக்கம் திரும்பும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போகும் வழியில் என் கால் மேலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

எங்கள் சார் வாரத்துக்கு ஒரு நாள் வருவார். பாறைகளைப் பற்றிப் படித்தவர், முப்பது வயதுகூட இருக்காது. மனிதர்களைப் பார்த்துப் பேசுவது குறைவு. கல்லைக் கண்ணுக்கு அருகே வைத்துக்கொண்டு அதனிடம் பேசுகிற மாதிரி எங்களிடம் பேசுவார். பெரிய மலை நெருப்பாக நின்று பிறகு கல்லானது என்று ஊரே சொல்கிறது, எரிமலை என்று பஸ்ஸில் பேசிக்கொள்கிறார்கள், அப்படியா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். இல்லவே இல்லை என்றார். இந்தப் பக்கத்துப் பாறைகள் பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்தவை. நெருப்பாக வெளியே வரவே இல்லை. மேலே மூடியிருந்த மலைகள் எல்லாம் கரைந்து போனபின்தான் இவை வெளியே தெரிந்தன. இந்தக் குன்றின் இரும்பு அதற்கும் முன்னால் ஒரு கடலின் அடியில் படிந்த சேறு. அப்போது காற்றில் மூச்சு விட ஒன்றும் கிடையாது, மூச்சு விட யாரும் கிடையாது. நிலத்தட்டுகள் ஒன்றோடொன்று மோதி அந்தக் கடலடியை மடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் வேகவைத்திருக்கின்றன. பிறகு எத்தனையோ காலம் கழித்து, விரிசல்களில் உருகிய குழம்பு ஏறிவந்து கறுப்புச் சுவர்களாக உறைந்திருக்கிறது. சுவரை ஒட்டி இன்றும் வெடிப்புகள் இருக்கும், தண்ணீர் அதன் வழியாகத்தான் போகும் என்றார். மொத்தம் இருநூற்றைம்பது கோடி வருடக் கதை.

மிஷின் ஓட்டிய பாஷா பாய் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நின்றிருந்தார். திருவண்ணாமலை டவுனில் நாலைந்து தலைமுறையாக இருக்கிற குடும்பம். "ஊர்ல சொல்றதும் நீங்க சொல்றதும் ஒண்ணுதான் சார். நீங்க வருஷத்த மட்டும் ஜாஸ்தியா சொல்றீங்க" என்றார். சார் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் வைத்திருந்த உருளையை அன்று வெகுநேரம் கீழே வைக்காமல் இருந்தேன். அது உருவான நாளிலிருந்து வெளிச்சமே பார்த்ததில்லை. முதலில் பார்த்த முகம் என்னுடையது. அதற்கு என்ன தோன்றியிருக்கும் என்று யோசித்தேன். யாருமில்லாதபோது பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்காருவதை அன்றோடு விட்டுவிட்டேன்.

மிஷின்காரர்களுக்கு இரண்டு வழக்கம் இருந்தது. ஒன்று, துளைக்கு மேலே நின்று யார் பெயரையும் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள், விசிலடித்துக் கூப்பிடுவார்கள். இன்னொன்று கட்டை. பல் இறங்கியும் கல் வராத இடம் உண்டு. அப்போது பாய் ஒரு சிறிய மரக்கட்டையில், இத்தனையாவது அடியிலிருந்து இத்தனையாவது அடி வரை ஒன்றும் வரவில்லை என்று நீலப் பென்சிலால் எழுதிக் கொடுப்பார். அந்தக் கட்டையைப் பெட்டியில் அதன் இடத்தில் வைத்துவிட வேண்டும். இல்லாததற்கும் பெட்டியில் இடம் உண்டு. பாய் தனியாக எழுதிவைத்துக்கொள்ள மாட்டார், கட்டையும் என் பதிவேடும்தான் கணக்கு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பெட்டியில் ஒரு கட்டையைப் பார்த்த சார், கல்லை எங்கே தொலைத்தாய் என்று எட்டு ஆம்பிளைகள் முன்னால் கேட்டுவிட்டார். கல் வராதது இவள் குற்றமில்லை என்று பாய் சொல்லியும் அவர் காதில் விழவில்லை. தண்ணீர் டேங்கருக்குப் பின்னால் போய் அழுதேன். பள்ளிக்கூடத்திலிருந்தே நோட்டில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாதவள் என்று பெயர் வாங்கியவள் நான். அந்தப் பெயரில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

பௌர்ணமிக்கு முந்தின நாள். நல்ல வெயில். மிஷின் சத்தம் திடீரென்று மாறியது. பல்லைத் தாங்கிய குழாய்கள் மொத்தமும் சடக்கென்று இறங்கின, எதன் மேலும் படாமல். பாய் மிஷினை நிறுத்தினார். காட்டில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள காலியா இருக்கு. மூணு அடி" என்றார். அவர் தோளில் கிடந்த துண்டின் நுனி ஆடியது. குழாயிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. குளிர்ந்த காற்று, நனைந்த இரும்பு வாசனையோடு. சாயங்காலம் நான் ஒரு காகிதத்துண்டை வாயருகே பிடித்தேன். இப்போது துளை அதை உள்ளே இழுத்தது. வெளிக்காற்றின் அழுத்தம் மாறுவதால் அப்படி ஆகும், எல்லா ஆழத் துளையும் மூச்சு விடும் என்று பின்னால் சார் சொன்னார். காரணம் தெரிந்தபிறகும் அந்தக் காகிதம் என் விரலை விட்டு இழுபட்ட விதம் மறக்கவில்லை.

பாய் கட்டையை எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். மூன்றடிக் காலி என்றால் பெட்டியில் ஒரு வரிசையே போய்விடும். சார் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. முன்பு வேறு இடத்தில் போட்ட துளையில் மிஞ்சிய உருளைகள் மரத்தடியில் கிடந்தன. அதே கறுப்பு, அதே வெள்ளை. மூன்றடிக்குப் பொறுக்கி, முனை பார்த்துப் பொருத்தி அடுக்கினேன். கோடு கோட்டோடு சேர்ந்து, அசல் எது என்று எனக்கே தெரியாத அளவுக்கு அழகாக அமைந்தது. பதிவேட்டில் முழுக் கல் என்று எழுதினேன். கட்டையை டீ அடுப்பில் போட்டேன். நீலப் பென்சில் எழுத்து எரியும்போது பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, எண்ணைப் படிக்கவில்லை.

இன்னும் எவ்வளவோ ஆழம் போய் அந்தத் துளையை முடித்தார்கள். பல் சூடாகாமலிருக்க உள்ளே விட்ட தண்ணீர் மேலே திரும்பவில்லை என்று பாய் முணுமுணுத்தார். அடுத்த முறை சார் வந்தபோது பாய் உதிரி சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். சார் என் பெட்டியைப் பார்த்தார். அருமையாக அடுக்கியிருக்கிறாய் என்றார். மிஷினை மேட்டுக்கு நகர்த்தினார்கள், குழாய்க்குத் தகர மூடி போட்டார்கள்.

பத்து நாள் கழித்துப் பச்சையம்மா அக்கா வந்தார். குன்றின் அடிவாரத்தில் ஏழு வீடுகள், அதில் ஒன்று அவருடையது. அந்த ஏழு வீட்டுக்கும் குடிக்க ஒரே ஒரு ஊற்றுதான், கறுப்புப் பாறைச் சுவர் ஒன்று தரையில் தலை நீட்டுகிற இடத்தில். எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. ஊற்றில் முதலில் சாம்பல் நிறத் தண்ணீர் வந்ததாம், இப்போது ஒரு குடம் நிறைய அரை நாள் ஆகிறதாம். அவர் சண்டைக்கு வரவில்லை. பயந்து போயிருந்தார். "ராத்திரி பகல்னு இல்லம்மா. தரையில காத வெச்சா அடியில யாரோ தண்ணி குடிக்கிற சத்தம் கேக்குது. மடக் மடக்னு" என்றார்.

அவர் போனதும், நாங்கள் முடித்துவிட்டு வந்த அந்தத் துளைக்குப் போய் மூடியைத் திறந்து காதை வைத்தேன். மத்தியான வெயில் தலையில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே, வெகு கீழே, விழுங்குகிற சத்தம். அவசரமே இல்லாமல் குடித்துக்கொண்டிருந்தது.

எட்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். ஒன்பதாம் நாள் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. துளையை விளக்கினார், அதுதான் இன்னும் மோசம். அந்த மூன்றடிக் காலிதான் ஊற்றின் வழி. எங்கள் துளை அதைத் தாண்டிப் போய், அதற்குச் சற்றுக் கீழேயே இன்னொரு வெடிப்பைத் தொட்டிருக்கிறது. மேல் வழியில் போன தண்ணீர் துளையோடு இறங்கிக் கீழே போகிறது. அடியிலிருந்து சிமெண்ட் போட்டுக்கொண்டு வந்து, அந்தக் காலிக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் ஊற்று பிழைக்கும். எத்தனையாவது அடி என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அன்று எழுதிய பெட்டிகள் மூன்று. அசலோடு நான் பொருத்திய கல்லை என்னாலேயே பிரித்துக் காட்ட முடியவில்லை. சார் லென்ஸை வைத்துப் பார்த்தும் முடியவில்லை. பாஷா பாயைக் கூப்பிட்டார்கள். நூறுக்கு மேலே, நூற்றைம்பதுக்கு உள்ளே என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் கட்டையில எழுதிக் குடுத்தேனேம்மா. கட்டை எங்க?"

இரண்டு நாள் விதவிதமாகக் குழாய் இறக்கி அந்தக் காலியைத் தேடிப் பார்த்தார்கள். அதற்குள் துளையின் பக்கச் சுவர் சரிந்து அடைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. அப்படியே விட்டால் ஊற்று ஒரு மாதத்துக்குள் நிற்கும். போட்டால் ஒருவேளை பிழைக்கும். குத்துமதிப்பாக ஓர் இடத்தில் நிறுத்தலாம் என்று போட்டார்கள். சிமெண்ட் பால் இறங்கிக்கொண்டே இருந்தது. துளை நிரம்பத் தேவையான அளவு போட்டும் நிரம்பவில்லை. பக்கத்தில் எங்கோ போகிறது என்று சார் மெதுவாகச் சொன்னபோது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. காலிக்குள் போய்விட்டது. கடல் மடிந்து, குழம்பு ஏறி, கல் வெடித்துத் தனக்கென்று ஏற்படுத்திக்கொண்ட வழி ஒரு சாயங்காலத்தில் உறைந்தது. ஊற்று இனி வராது, ஊர்க்காரர்களுக்குப் பைப் லைன் கேட்டு எழுதுகிறேன் என்றார். அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டிய பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதையாவது செய்கிறேன் என்றேன்.

மறுநாள் நான் இறங்கிப் போவதற்குள் பச்சையம்மா அக்காவே மேலே வந்துவிட்டார். மடியில் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எனக்காக. முகம் தெளிந்திருந்தது. சாரிடம் நான்தான் பேசினேன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"சத்தம் நின்னுடுச்சும்மா" என்றார். "நேத்து சாயங்காலத்தோட நின்னுடுச்சு. இனிமே தண்ணி வந்துடும் இல்ல?"

"வந்துடும்க்கா" என்றேன்.

மல்லாட்டையை வாங்கிக்கொண்டேன். அவர் எதிரிலேயே உடைத்துத் தின்றேன்.

அடுத்த மாதம் வேலையை விட்டு நின்றேன். இரும்பு எடுக்கும் யோசனையும் கைவிடப்பட்டது, மிஷின்கள் போயின, பெட்டிகள் எங்கே போயின என்று தெரியாது. ஏழு வீடுகளும் ஒவ்வொன்றாகக் காலியாகி ரோட்டோரம் இறங்கிவிட்டன. பாஷா பாய் காலமாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், அவர்தான் சொன்னார். எல்லாரும் போனபிறகும் பச்சையம்மா அக்கா மட்டும் ரெண்டு வருடம் அங்கேயே கிடந்தாராம். தினம் விடியக்காலம் குடத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கறுப்புப் பாறைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாராம். ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம், தண்ணி வந்துடும் என்று படித்த பொண்ணு ஒருத்தி சொல்லியிருக்கிறது என்று சொல்வாராம்.