இரவல் நரி

ஒரு நரியைத் திருடினேன் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உயிருள்ள நரியை அல்ல, இணையத்தில் கிடந்த நரியின் படத்தை. ஐம்பத்துமூன்று வயதில் செய்கிற வேலையா என்று நீங்கள் கேட்கலாம். நான் முன்பே கேட்டுவிட்டேன். பேய், ஆவி, நடக்கப்போவது முன்கூட்டித் தெரிவது, இவற்றிலெல்லாம் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. மொன்றியல் காலநிலை அறிவிப்பையே நம்பாதவன் நான். அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

என்னோடு வேலை செய்யும் லூக்கின் வீடு மொன்றியலை ஒட்டிய சிறு தீவான இல்-பிசாரில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு காடு. எதிரில் எது அசைந்தாலும் தானாகப் படமெடுக்கும் கமரா ஒன்றை வாங்கி, அவனிடம் கேட்டு, அங்கே ஒரு மரத்தில் கட்டினேன். உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதை அறிவித்தும்விட்டேன், அதுதான் பிழை. மூன்று கிழமையில் அகப்பட்டவை அணில்களும், காற்றில் ஆடிய ஒரே கிளை இருநூறு தடவையும், கமராவுக்குள் எட்டிப்பார்க்கும் என் மூக்கும்தான்.

"அத்தான், புலி ஏதும் வந்ததோ?" என்று மனைவியின் தம்பி குகன் தினமும் குழுவில் கேட்டான். பொறுக்க முடியாமல் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த இரவல் நரியை என் நரியாகப் போட்டேன். பனியில் ஒரு காலைத் தூக்கியபடி திரும்பிப் பார்க்கும் நரி. பின்னால் விழுந்து கிடக்கும் வெள்ளைப் பேர்ச் மரம். மேல்மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி, உதிராத இலையாக்கும் என்று நினைத்தேன்.

குகன் உடனே எழுதினான்: "ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாறன். கமராவின்ரை மெமரி கார்ட்டை ஒருக்காக் காட்டுங்கோ."

இருபத்தைந்து வருடமாக என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருப்பவன் அவன். ஒரு நரியாவது இரக்கப்பட்டு வராதா என்று சனிக்கிழமை பின்னேரம் கமராவை இடம் மாற்றப் போனேன். தலையில் மனைவி வசந்தி பின்னித் தந்த புதுத் தொப்பி. புதன் இரவு சிவப்பு நூல் முடிந்துபோனதால் உச்சியை மட்டும் மஞ்சளில் முடித்திருந்தாள்.

காற்றே இல்லை. பனி, யாரோ யோசித்து யோசித்து ஒவ்வொன்றாக விடுவதுபோல விழுந்துகொண்டிருந்தது. என் காலடிச் சத்தம் எனக்கே கேட்கவில்லை. சின்னக் காடு, ஐந்து நிமிடத்தில் மறுபக்கத்து வேலி வரவேண்டும், கமராவைக் கழற்றிக்கொண்டு நடந்தேன் நடந்தேன், வேலி வரவில்லை. அதற்குப் பதிலாக ஓர் இடம் வந்தது, நித்திரையில் நாம் போகிற வீடு இருக்குமே, முன்பு கண்டதென்றும் சொல்லமுடியாது, காணாததென்றும் சொல்லமுடியாது, அப்படி. அங்கேயே கமராவைக் கட்டினேன். நம்பினால் நம்புங்கள், பயம் வரவில்லை, சுகமாக இருந்தது. காரில் ஏறியபிறகுதான் காது குளிர்ந்தது. தலையில் தொப்பி இல்லை.

ஞாயிறு காலை போய்ப் பார்த்தேன். கமராவின் சின்னத் திரையில் புதிதாக ஒரே ஒரு படம். பனியில் ஒரு காலைத் தூக்கியபடி திரும்பிப் பார்க்கும் நரி. பின்னால் விழுந்த பேர்ச். மேல்மூலையில், ஒரு கிளையில், என் தொப்பி. அண்ணாந்து அந்தக் கிளையைப் பார்த்தேன். தொப்பி இல்லை, பனி கலையாமல் இருந்தது.

கைப்பேசியில் செவ்வாய்க்கிழமைப் படத்தைப் பெரிதாக்கினேன். அந்தச் சிவப்பு, இலை இல்லை. உச்சியில் மஞ்சள். செவ்வாய்க்கிழமை அந்தத் தொப்பி வசந்தியின் ஊசியில் பாதியாகத் தொங்கியது; நூல் போதாமல் போகும் என்று அவளுக்கே அப்போது தெரியாது. படத்தைத் திருடிய இடத்தை எத்தனையோ தடவை தேடிவிட்டேன். இன்றுவரை அகப்படவில்லை.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் திருட்டையும் சேர்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குகன் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒரே படம்தானே. கமராவிலை திகதி ஒழுங்கா வைக்கத் தெரியேல்லை, அதுக்கு ஒரு கதை" என்று கோழிக்கறிக்குத் திரும்பினான். என் பொய்யை நம்பிவிட்டான், உண்மையை நம்பவில்லை.

வசந்தி அந்த மஞ்சளைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தாள். இவளாவது விளங்கிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

"தொப்பியைத் துலைச்சிட்டன் எண்டு நேராச் சொல்லலாம்தானே," என்றாள். "இதுக்கேன் பாவம் அந்த நரியை இழுக்கிறியள்?"