மூடி போட்ட தொலைநோக்கி

வேன்காரரைப் பொறுத்தவரை பறவையில் இரண்டே வகை. வண்டிக் கண்ணாடியில் எச்சம் போடுவது, போடாதது. அப்பேர்ப்பட்ட மனிதர்தான் ஞாயிறுதோறும் பறவை பார்க்கும் சங்கத்துக்கு வண்டி ஓட்டினார். சங்கத்தை நடத்துபவர் மருந்துக்கடைக்காரர். புதிதாகச் சேர்ந்தவர்களை ஏரிக்கரைக்கு அழைத்துப்போய், ஸ்டாண்டில் தொலைநோக்கியை நிறுத்தி, ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்கச் சொல்வார். யாராவது மூடியைக் கழற்றாமல் பார்த்தால் போதும், "மூடியோட பார்த்தா எல்லாமே காக்காதான்" என்பார். வாரா வாரம் இதே ஜோக். வாரா வாரம் அவர்களும் சிரித்துத் தொலைப்பார்கள்.

வேன்காரரையும் விடமாட்டார். "அண்ணே, நீங்களும் பாருங்க. தெரியுதா?"

"தெரியுது, தெரியுது."

இந்தப் பதில் வரும்போதெல்லாம், கூடவே வந்திருக்கும் வேன்காரரின் மனைவி தரையைப் பார்ப்பாள். சர்க்கரை அவர் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. "இனிமே ஸ்டியரிங்கைத் தொடாதீங்க" என்று கண் டாக்டர் சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். வெளியே வந்ததும் அவர், "அந்த டாக்டர் கிடக்கட்டும். வண்டி நின்னா அடுப்பும் நின்னுடும். யார்கிட்டயும் வாயைத் திறக்காத" என்றார்.

அவளும் திறக்கவில்லை. ஆனால் வண்டியில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தால் மூடவேமாட்டாள். "ஏங்க, முன்னாடி லாரி போகுது பாருங்க. ஏங்க, அந்தம்மா ரோட்டைத் தாண்டுது பாருங்க." பின்னால் இருந்தவர்கள் அவளுக்கு 'ரேடியோ' என்று பேர் வைத்துவிட்டார்கள். "அண்ணனை விட்டுட்டு ஒரு நாள்கூட இருக்க முடியாதோ" என்று கேலி வேறு. அவளும் சிரித்து வைப்பாள். வீட்டு வாசலில் இறங்கும்போது உடம்பெல்லாம் வேர்வையில் நனைந்திருக்கும். சொல்லவும் முடியாது, போகாமல் இருக்கவும் முடியாது. என்ன பிழைப்பு இது, சொல்லுங்கள்.

அன்று ஏரிக்கரையில் மருந்துக்கடைக்காரர் கைதட்டி எல்லாரையும் கூப்பிட்டார். "அடுத்த வாரம் நமக்கு லீவு. ஸ்கூல் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றோம். வண்டி நிறைய வாண்டுங்க." பிறகு இவள் பக்கம் திரும்பி, "அக்கா, முன் சீட்டு டீச்சருக்கு. ஒரு நாளாவது வீட்டுல நிம்மதியா தூங்குங்க" என்றார்.

அவள் உடனே புருஷனை ஓரமாக இழுத்துப்போனாள்.

"வரமுடியாதுன்னு சொல்லிடுங்க."

"பழகின ரோடு. கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் சிரித்திருப்பாள். "சின்னப் பிள்ளைங்கங்க" என்றாள்.

"எனக்குத் தெரியாதா? பேசாம இரு."

சொல்லிவிட்டு அவர் கூட்டத்தோடு போய் நின்றுகொண்டார். ஏரிக்குள் ஒரு பட்ட மரத்தில் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முறை வந்து குனிகிற நேரம், அவள் தொலைநோக்கியின் முன்பக்கமாகப் போய், தொங்கிக்கொண்டிருந்த மூடியை மாட்டிவிட்டாள். பின்னால் நின்ற பெண் ஏதோ விளையாட்டு என்று நினைத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேன்காரர் பார்த்தார். ஒரே இருட்டு. தலையை நிமிர்த்தாமலே கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். அதே இருட்டு. ஆக, வந்துவிட்டது, இன்றைக்கே மொத்தமாகப் போய்விட்டது என்று நினைத்தார். ஸ்டாண்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தெரியுதாண்ணே?"

"தெரியுது" என்றார். "நீலமா, அழகா உக்காந்திருக்கு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "மூடி போட்டிருக்குண்ணே" என்றார் யாரோ. மருந்துக்கடைக்காரர் மட்டும் தன் ஜோக்கைச் சொல்லவில்லை. வேன்காரரின் முகத்தைப் பார்த்தார். மூடியில் கை வைத்தபடி அழுதுகொண்டிருந்தவளைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது.

வேன்காரர் நிமிர்ந்தார். கலங்கலாக ஏரி, கலங்கலாக மனிதர்கள். இவ்வளவாவது இன்னும் இருக்கிறதே என்று முதலில் நிம்மதிதான் வந்தது. கோபம் அப்புறம் வந்தது, அதுவும் வந்த வேகத்தில் போய்விட்டது. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். நீட்டிய பக்கம் யாருமே இல்லை. அவள்தான் சுற்றி வந்து வாங்கிக்கொண்டாள்.