வாடாமல்லி நிறத்தில் ஒரு ஜன்னல் திரை

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இருந்த ஒரே ஆறுதலை என் வீட்டு ஜன்னல் திரை பறித்துக்கொண்டது. நான் தைத்த திரை. நானே கூப்பிட்டு, கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டிய திரை. இப்போதும் ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் யாராவது தரையில் சேலைகளைக் குவித்துப் போட்டிருந்தால் ரோட்டைக் கடந்து மறுபக்கமாகப் போய்விடுவேன்.

டயகம பக்கத் தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்குத் தனிவீடு கிடைக்கும்வரை, லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரே அறைக் காம்பராவில்தான் இருந்தோம். ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் படுக்கை, நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஈரத்துணி. சுவர் என்று பெயருக்கு ஒன்று இருந்தது. அடுத்த காம்பராப் பிள்ளை தும்மினால் இந்தப் பக்கமிருந்து நான் 'ஆயுசு நூறு' சொல்வேன். அப்படி இருந்துவிட்டு, நான்கு பக்கமும் சொந்தச் சுவரும் கண்ணாடி ஜன்னலும் உள்ள வீட்டுக்குள் நுழைந்தபோது, முதல் நாள் நான் பேசிய பேச்சு எனக்கே எதிரொலித்தது. அவ்வளவு வெறுமை. சிமெண்டுத் தரையில் கால் வைத்தால் குளிர் மண்டைக்கு ஏறும்.

கணவருக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மாதத்தில் இரண்டு நாள் வருவார், வந்தால் தூங்குவார். மற்றவர்கள் தவணைக்குக் கண்ணாடி அலுமாரி எடுத்து, அதற்குள் பிளாஸ்டிக் ரோஜாவை வைத்துப் பூட்டினார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். பூவைப் பூட்டி வைக்கிற வீடு என்ன வீடு? நான் என் பாணியில் இறங்கினேன். தோட்டத்துரை பங்களாவில் வேண்டாமென்று எறிந்த கைவைத்த நாற்காலி ஒன்று, பிரம்பு முழுக்க அறுந்து கிடந்தது. உரப்பையைப் பிரித்து, அந்த வெள்ளை நாரை முறுக்கிப் பின்னி, உட்காரும்படி ஆக்கினேன். லீக்ஸ் மாதிரி மரக்கறி ஏற்றி வரும் மரப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தட்டு செய்தேன். ஜேம் போத்தல்களில் மணிபிளாண்ட். பழைய டயருக்குப் பெயின்ட் அடித்து வாசலில் வைத்து, அதில் ஜெரேனியம் நட்டேன். தெரியாததையெல்லாம் போனில் வீடியோ பார்த்துப் பழகினேன்.

கணவர் வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"உள்ள வரவே பயமா இருக்கு. எதையாச்சும் மிதிச்சிட்டா அதையும் நீ சோடிச்சி வச்சதுன்னு சண்டைக்கு வருவ."

"மிதிக்கிறதுக்குன்னே ஒண்ணு செய்யப் போறேன், இருங்க," என்றேன்.

அதற்குத் துணி வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்குச் சாமான் வாங்கப் போனவள், பஸ் ஸ்டாண்டுக்கு ஏறும் சரிவில் ஒருவர் பொலித்தீன் விரித்துச் சேலை விற்பதைப் பார்த்தேன். பழைய சேலை என்றுதான் குனிந்தேன். கையில் எடுத்தால் பழையதே இல்லை. மடிப்புக் கலையவில்லை, ஓரம் தேயவில்லை.

"கட்டுனதே இல்ல தங்கச்சி. வேணுன்னா பிரிச்சிப் பாருங்க," என்றார் அவர்.

பிரித்தேன். பன்னீர் வாசனை அடித்தது. ஒன்றிரண்டில் மஞ்சள் தண்ணீர் தெறித்த புள்ளிகள். கல்யாண வீட்டில் சபையில் வைத்துக் கொடுத்த சேலைகளாக இருக்கும், நிறம் பிடிக்காமல் யாரோ விற்றிருக்கிறார்கள் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். "கல்யாணச் சேலைங்களா?" என்று கேட்கவும் கேட்டேன். அவர் அடுத்த ஆளுக்கு விலை சொல்லப் போய்விட்டார். எனக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். ஒரு கட்டாகவே அள்ளிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தக் கட்டிலிருந்துதான் என் வீடு வீடானது. ஒரு சேலை மெத்தைத் திண்டுகளுக்கு உறையாகப் போனது. ஒன்று மரப்பெட்டித் தட்டுக்கு மறைப்பு. மெத்தென்ற மூன்று சேலைகளை ஒட்டுப் போட்டுத் தைத்து, கைக்குழந்தையாக இருந்த என் மகளுக்குப் போர்வை ஆக்கினேன். எல்லாவற்றிலும் அழகானது வாடாமல்லி நிறத்தில் பச்சை முந்தானை வைத்த சேலை. அதை ஜன்னலுக்கென்று எடுத்து வைத்தேன். முந்தானையில் மட்டும் மஞ்சள் கறை அதிகம். அதனால் அதை வெட்டி, நாடா நாடாவாகக் கிழித்து, என் பழைய பாவாடைத் துணியோடு சேர்த்துச் சடை போட்டு, வட்டமாகச் சுற்றித் தைத்து வாசலில் போட்டேன். கணவரிடம் சொன்ன கால்மிதி அதுதான். தேயிலை மலையிலிருந்து வருகிறவர்களின் சேறெல்லாம் அதோடு நின்றுவிடும். எனக்கு அப்படியொரு பெருமை.

அந்தக் கால்மிதியை அதிகம் பயன்படுத்தியது பக்கத்து வீட்டு அக்காதான். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் ஆறேழு வருஷம் இருந்துவிட்டு, அண்ணன் குடும்பத்தோடு வந்து தங்கியிருந்தார். பின்னேரத்தில் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வரும்போது என் வீட்டில் பால் விடாமல் ஒரு பிளேன்டி குடித்துவிட்டுத்தான் போவார். என் மகள் தரையில் தவழ்கிறாள் என்பதற்காக இரண்டு காலையும் அழுத்தி அழுத்தித் துடைப்பார். ஒரு பொட்டுச் சேறு உள்ளே வராது.

அவர் குவைத்தில் இருக்கும்போதுதான் அவருடைய அம்மா இறந்துபோனார். மேடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. அண்ணன் வீடியோ கோல் எடுத்துக் காட்டியிருக்கிறார். "பெட்டிய தூக்குனது வரைக்கும் பாத்தேன். பாதை எறங்குனதும் சிக்னல் போயிருச்சி," என்பார் அக்கா. அதைச் சொல்லும்போது அழமாட்டார். அடுத்து வருகிற பேச்சு அவரைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். தீபாவளிக்குக் கட்டச் சொல்லி அவர் முன்பே அனுப்பிய ஒரு சேலையை, 'மக வந்ததும் கட்டுறேன்' என்று அம்மா கட்டாமலே வைத்திருந்தாராம். அதையே மகள் போட்ட கோடியாக அம்மாவின்மேல் போர்த்தினார்களாம். குழிக்குள் வரைக்கும் அந்தச் சேலையோடுதான் போனார் என்று அண்ணன் சொன்னாராம்.

"நான் போகலன்னாலும் என் சேல போச்சில்ல புள்ள, அம்மாவோட." பிளேன்டியை ஊதி ஊதி இதைச் சொல்வார். எத்தனையோ தடவை சொல்லியிருப்பார். நானும் ஒவ்வொரு தடவையும் "ஆமாங்கக்கா, அது போதும்," என்பேன்.

ஜன்னலில் திரை மாட்டக் கம்பி வாங்கிவர கணவர் இரண்டு தடவை மறந்தார். மூன்றாம் தடவை கொண்டுவந்து, பொருத்தியும் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாளே திரையைத் தைத்து மாட்டினேன். மூடுபனி நாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சாம்பல் வெளிச்சம் வாடாமல்லி நிறத்துக்குள் புகுந்து அறை முழுக்கச் சூடானது போல இருந்தது. யாருக்காவது காட்டாவிட்டால் தலை வெடித்துவிடும் எனக்கு. அக்கா பாதையில் வருவதைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அந்த அவசரத்திலும் அவர் காலைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

"நல்லாருக்கு புள்ள," என்றார் தூரத்திலிருந்தே. ஏதோ யோசனையாக நின்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "கிட்ட வந்து பாருங்க. இந்தக் கீழ் ஓரம் மட்டும் நான் தைக்கல. சேலையிலயே இருந்திச்சி. யாரோ கையால ஓரம் அடிச்சிருக்காங்க. இந்தக் கலருக்குப் போய் மஞ்ச நூலு. ஆனா தையல் என்னா அழகுன்னு பாருங்க, பிரிக்க மனசே வரல," என்றேன்.

அக்கா குந்தி உட்கார்ந்து அந்த ஓரத்தைக் கையில் எடுத்தார். பெருவிரலால் தையல்மேல் நீவிக்கொண்டே போனார். நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன்.

"பெட்டியில வேற நூலு இல்ல," என்றார்.

"என்னாக்கா?"

"மேடத்தோட தையல் பெட்டியில. மஞ்ச நூலு மட்டுந்தான் இருந்திச்சி." விரல் ஓர் இடத்தில் நின்றது. "இந்தா, இந்த எடத்துல மேடம் கத்திக் கூப்புட்டா. பதறிப்போயி ஊசிய கையில ஏத்திக்கிட்டேன்."

அங்கே ஒரு சின்னப் பழுப்புப் புள்ளி இருந்தது. நான் அதையும் மஞ்சள் கறை என்றுதான் நினைத்திருந்தேன்.

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது அந்த உரப்பை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். குழிமேட்டில் பெட்டியை மூடுவதற்கு முன் மேலே போர்த்திய கோடிச் சேலைகளை எடுத்துவிடுவது எங்கள் வழக்கம். மயானத்து வேலை செய்கிறவர்களுக்கு அது போகும். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். எடுத்த பிறகு அந்தச் சேலைகள் எங்கே போகின்றன என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. கட்டுனதே இல்ல தங்கச்சி என்று அந்த மனிதர் சொன்னது சத்தியமான வார்த்தை. பன்னீர் கல்யாண வீட்டில் மட்டுமா தெளிக்கிறார்கள்? இதெல்லாம் எனக்கு ஏன் அன்றைக்கு உறைக்கவில்லை?

"ஒரே மாதிரி சேலங்க நெறைய வருமேக்கா," என்று எதையோ உளறினேன். அக்கா என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவருடைய இரத்தப் புள்ளி அவர் விரலுக்கடியில் இருந்தது.

"அப்ப அம்மா என்னாத்தோட போனாங்க?" என்று கேட்டார். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "அண்ணன்கிட்ட சொல்லிராத. எனக்குத் தெரிஞ்சிருச்சின்னு அவருக்குத் தெரிய வேணாம்," என்றார்.

தலையாட்டினேன். அப்போதுதான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். திண்டு உறை, தட்டின் மறைப்பு, எல்லாம் அதே கட்டு. உள் அறையில் என் மகள் மூன்று சேலைகளை ஒட்டுப் போட்ட போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்று பேருடைய பிள்ளைகள் அழுதுகொண்டே போர்த்திய சேலைகள். ஓடிப்போய் உருவி எறிய வேண்டும் போலிருந்தது, எழுந்திருக்க முடியவில்லை.

அக்கா திரையின் இரண்டு பாதியையும் மடியில் சேர்த்து வைத்துப் பார்த்தார். எதையோ தேடினார்.

"முந்தான எங்க புள்ள? பச்ச முந்தான இருக்குமே."

வெட்டி எறிந்துவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன். வாய்தான் பொய் சொல்லத் தயாரானது, கண் வாசலுக்குப் போய்விட்டது. அக்காவின் பார்வையும் பின்னாலேயே போனது.

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். கால்மிதியைக் கையில் எடுத்து, சடையின் ஒரு பிரியைக் கட்டைவிரலால் விலக்கிப் பார்த்தார். மேலே சேறு அப்பியிருந்தாலும் மடிப்புக்குள் பச்சை புதுசாகவே இருந்தது.

"தெனமும் கால தொடச்சேனே," என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "தெரியாதுக்கா, சத்தியமா தெரியாது," என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவர் அந்தச் சேற்றுத் துணியை அப்படியே முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். சின்னப்பிள்ளை தாயின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வது போல. தோள் குலுங்கியது. குவைத்திலும் அழாத அழுகையையெல்லாம் அன்றைக்குத்தான் என் வாசலில் அழுதார் என்று நினைக்கிறேன்.

திரையைக் கம்பியிலிருந்து கழற்றி மடித்துக் கொடுத்தேன். வாங்கவில்லை. "இருக்கட்டும், புள்ளைக்குக் குளிரும். இது போதும் எனக்கு," என்று கால்மிதியை மட்டும் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

படியிறங்கப் போனவரின் நெற்றியிலும் கன்னத்திலும் சேறு அப்பியிருந்தது. அண்ணனுக்குத் தெரிய வேண்டாம் என்றவர் அந்த முகத்தோடு எப்படி வீட்டுக்குள் போவார்? "நில்லுங்கக்கா," என்று துடைக்கத் துணி எடுக்கத் திரும்பினேன். வீடு முழுக்கத் துணிதான் இருந்தது. திண்டின் மேல், தட்டின் மேல், மடித்த திரையாக என் கையில், எல்லாம் நான் ஆசை ஆசையாகத் தைத்தது. எதை எடுக்கப் போனாலும் அது யாருடைய அம்மாவுடையதோ என்று கை நின்றுவிட்டது.

கடைசியில் என் உள்ளங்கையாலேயே அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன்.