சாவு வீட்டுக்குப் போன காதல் பாட்டு

ஊசி போடுமுன் நர்ஸ் என் கையில் தடவிய ஸ்பிரிட்டின் வாசனையில், ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்தை ஒட்டி, இன்று செல்போன் கடையாகிவிட்ட அப்பாவின் கேசட் கடை எழுந்து வந்தது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து டேப்ரிக்கார்டரின் ஹெட்டைத் துடைப்பதும், தளர்ந்த நாடாவைப் பேனாவால் சுற்றி இறுக்குவதுமாகவே என் விடுமுறைகள் கழிந்தன.

கணியம்பாடி சர்ச்சில் கூடப் பாடியவர்களோடு அப்பா ஒரு பாட்டுக்குழு வைத்திருந்தார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையில் மயங்கி, குரலை இழுத்து, உருகி உருகி அவர்கள் போட்ட ஒரே கேசட் முழுக்கக் காதல் பாட்டுகள். சந்தை நாளில் அதை ஸ்பீக்கரில் அலறவிட்டு, எவர் காலாவது தாளம் போடுகிறதா என்று வாசலையே பார்த்திருப்பார். மலைச் சனங்கள் புளி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்று கேட்பார்கள், கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

"இன்னாமா அழுவுறாரு மனுசன்! எங்க பெரியப்பா செத்துட்டாருங்க, சாவு வூட்ல போட ஒண்ணு குடுங்க."

"அது லவ் சாங்குய்யா" என்று அப்பா முதலில் கோபமாகச் சொன்னார், பிறகு சலிப்பாக. கடைசியில் கேட்டதுமே எடுத்துக் கொடுக்கப் பழகிவிட்டார். கல்யாணத்துக்கென்று ஒருவரும் கேட்கவில்லை.

அவர் இறந்த அன்றும் மலையிலிருந்து வந்தவர்கள், மரியாதையாக, தேய்ந்துபோன அந்தக் கேசட்டைக் கொண்டுவந்து போட்டார்கள். தடுக்க எனக்குத் தெம்பில்லை. அவர் குரல் இழுத்து இழுத்துப் பாட, பந்தலே அழுதது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் அழவில்லை. அவள் கால் பெருவிரல் பாயில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.