கோஸ்தான் எடுக்காத லோரி

என் தங்கச்சி பிரிக்பீல்ட்ஸில் ஒரு காலேஜில் மீடியா படிக்கிறாள். நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். லோரி ஓட்டுகிறேன். வீடு கிள்ளானில். அம்மா, நான், அவள்.

போன வருடம் காலேஜில் அவளுக்கு ஒரு பயிற்சி வேலை கொடுத்தார்கள். ஒரு குறும்படத்தின் ஆரம்பத்தை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டு நிமிடம்.

"மிச்சப் படத்த யாரு எடுப்பா?" என்று கேட்டேன்.

"யாரும் எடுக்க மாட்டாங்கண்ணே. ஆரம்பம் மட்டும்தான்."

"பந்தல் போட்டுட்டு கல்யாணம் இல்லைன்னு சொல்ற மாதிரியா?" என்றார் அம்மா.

எடுப்பதற்கு முன்னால் காகிதத்தில் கட்டம் கட்டமாக வரைந்து காட்ட வேண்டும். பாடம் எடுக்கும் மேடம் கையெழுத்துப் போட்டால்தான் காலேஜ் கேமரா கிடைக்கும். முதலில், மணி அடித்து ஒரு பெண் எழுந்திருப்பது போல வரைந்தாள். வகுப்பில் பாதிப் பேர் அதையே வரைந்திருந்தார்களாம். அடுத்தது மழையில் ஒருத்தி ஓடுவது. அதுவும் திரும்பி வந்தது. பார்க்கிறவன் அடுத்து என்ன என்று கேட்க வேண்டும், இதில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று மேடம் சொல்லிவிட்டார். கடைசி வாய்ப்பு திங்கட்கிழமை. அதுவும் போனால் வேறு குழுவில் சேர்ந்து லைட் பிடிக்க வேண்டியதுதான்.

வீட்டில் நிறையப் பேசுகிறவள் அவள்தான். அந்த வாரம் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை தவுக்கே, என் முதலாளி, எனக்குப் புது லோரி கொடுத்தார். தெலுக் பங்லிமா காராங்கில், தொழிற்சாலைகளுக்கு நடுவில் எங்கள் லோரிகள் நிற்கும். சூடம் காட்டினேன். டயருக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கிவிட்டுக் கிளம்பினேன். கூட வேலை செய்கிறவர் அதைப் போனில் வீடியோ எடுத்துக் கொடுத்தார். சாப்பிடும்போது தங்கச்சியிடம் காட்டினேன்.

பழம் வெடிக்கிற இடத்தை நாலு தடவை பார்த்தாள்.

"அண்ணே, இதான் லா ஆரம்பம்."

சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். தீப்பெட்டிதான் லோரி. பழம் மட்டும் நிஜம். அம்மா ஊறுகாய் போட வாங்கியது. லோரியைவிடப் பெரிதாக இருந்தது.

"நீ பழத்து மேல ஏத்துற. நான் கிட்டக்க வச்சி எடுக்கறேன். அப்புறம் கோஸ்தான் எடு. வேற பழம் வைப்பேன். மறுபடியும் ஏத்து. அஞ்சு தடவை."

வண்டியைப் பின்னால் எடுப்பதை இங்கே கோஸ்தான் என்போம்.

"கோஸ்தான் எடுக்க மாட்டேன்" என்றேன்.

"ஏன்?"

"பழத்த நசுக்கிட்டா முன்னாலதான் போகணும். பின்னால வரக்கூடாது."

"இது சும்மா படம்ணே."

"லோரி சும்மா இல்லையே."

"படிக்காதவன் மாதிரி பேசாத லா."

"படிக்கலதானே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்தில் முதல் சிரிப்பு. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

"அப்ப எப்படித் திரும்பி வருவ?"

"சுத்தி வருவேன். பெக்டரி வரிசை முழுக்க. ஆறு நிமிஷம்."

தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு ஆறு நிமிடம் என்று எழுதிக்கொண்டாள்.

ஞாயிறு காலை லோரிகள் நிற்கும் இடத்துக்கே போய்ச் செய்து பார்த்தோம். ரோட்டில் ஆளில்லை. அம்மாவும் வந்தார், மிச்சப் பழங்களுக்குக் காவலாக. தங்கச்சி இரண்டு செங்கல் மேல் போனை வைத்தாள். நான் ஏற்றினேன். பழம் நன்றாக வெடித்தது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் குதித்துக்கொண்டே என் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

சுற்றி வந்து, நசுங்கின பழத்துக்கு முன்னால் நிறுத்தினேன். அப்போதுதான் அவள் போனைப் பார்த்தாள்.

"ஐயோ, இது ஓடிக்கிட்டே இருக்கு!"

நிறுத்த மறந்துவிட்டாள். மூன்று பேரும் லோரி நிழலில் நின்று பார்த்தோம். லோரி போகிறது. அவள் பின்னால் ஓடுகிறாள். பிறகு வெறும் ரோடு. ஒரு நாய் வந்து பழத்தை மோந்து பார்த்துத் தும்முகிறது. போய்விடுகிறது. அம்மா பிளாஸ்டிக் பையோடு வருகிறார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கிறார். ஓரத்தில் வைத்திருந்த நல்ல பழங்களைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார். கடைசியில், போன பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து அதே லோரி வருகிறது.

"அண்ணே, இந்த ஆளு ஏன் சுத்தி வரான்னு எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"அதான் லா வேணும்!" என்று கத்தினாள். ரோட்டோரம் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

சாயங்காலம் வரைக்கும் வரைந்தாள். ஆறு நிமிடத்தை இரண்டு நிமிடமாகச் சுருக்கி, பன்னிரண்டு கட்டம். அம்மா எட்டாவதில் இருந்தார்.

"என்னடி, இவ்வளவு குண்டாவா இருக்கேன்?"

"கேமராவுல இன்னும் குண்டா தெரிவீங்கம்மா."

அடுத்த நாள் போர்ட் கிள்ளானில் சரக்கு ஏற்ற வரிசையில் நின்றேன். பத்து மணிக்கு வகுப்பு. பத்தரைக்குள் போனை ஏழெட்டுத் தடவை எடுத்துப் பார்த்திருப்பேன். பதினொன்றுக்கு அவள் குரல் பதிவு வந்தது.

"அண்ணே! லோரி ஏன் சுத்தி வருதுன்னு மேடம் கேட்டாங்க. நான் சொல்லல. கையெழுத்து போட்டுட்டாங்க! போட்டுட்டு, மிச்சப் படத்த யாரு எடுப்பான்னு அவங்களே கேக்கறாங்க லா!"

மூன்று தடவை கேட்டேன்.

கேட் காவலாளி என் கதவைத் தட்டினார். "பாஸ், கோஸ்தான் சிக்கிட்." கொஞ்சம் பின்னால் எடுக்கச் சொன்னார்.

இறங்கி டயருக்குக் கீழே பார்த்தேன். பழம் எதுவும் இல்லை.

எடுத்தேன்.